இராஜபாளையம் தந்த முதலமைச்சர்

பாரதம் குடியரசான 1950ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக இருந்தவர் யார் என்று நம் மாணவ நண்பர்களைக் கேட்டால், பெரும்பாலோர் இராஜாஜி என்பார்கள். சிலர் காமராசர் என்பார்கள். இரண்டும் சரியன்று. அன்று அப்பதவியில் இருந்தவர், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் உள்ள இராஜபாளையத்துக்காரரான பி. எஸ். குமாரசாமி ராஜா. அவர் வாழ்க்கையை எழுதுவோர் அவருடைய எளிமையையும் கதர்ப் பற்றையும் ஈகையையும் எழுதுவது வழக்கம். அவை எல்லாம் உண்மையே. ஆனால் என்னைக் கவர்ந்தது வேறொன்று. சட்டமன்றத்தில் கேள்வி கேட்கும் இருக்கையிலும் அவர் அமர்ந்தார். பதில் சொல்லும் இருக்கையிலும் அமர்ந்தார். இரண்டிற்கும் உள்ள தூரத்தைத் தம் வாழ்நாளிலேயே அளந்து பார்த்தவர் அவர்.

1898ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் பிறந்த குமாரசாமி ராஜா, பிறந்த சில நாட்களிலேயே தாயை இழந்தார். மூன்று வயதில் தந்தையும் மறைந்தார். பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தார். அன்னி பெசண்ட் அம்மையாரின் பேச்சும் எழுத்தும் இளமையில் அவரை ஈர்த்தன. பின்னர் காந்தியடிகளின் வழி அவர் வழியாயிற்று. அரசியலில் அவருக்கு வழிகாட்டியாக அமைந்தவர் தீரர் சத்தியமூர்த்தி. ஊராட்சி மன்றம், மாவட்டக் கழகம் என்று உள்ளூர்ப் பணியில் தொடங்கி, விடுதலைப் போராட்டத்தில் சிறையும் சென்றார். தேசத்தொண்டர்கள் பலருடைய வாழ்க்கையும் இப்படித்தான் தொடங்கியது என்பதால் இதை விரிக்காமல் மேலே செல்கிறேன்.

1934ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் டில்லி மத்திய சட்டசபைக்கு உறுப்பினரானார். மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி ஆகிய மூன்று மாவட்டங்களின் நாட்டுப்புறப் பகுதி முழுவதும் ஒரே தொகுதி! சொத்தும் வரியும் உடைய சிலருக்கே அப்போது வாக்குரிமை இருந்தது. அந்தச் சபையில் காங்கிரசுக் கட்சியின் தலைவர் புலாபாய் தேசாய். துணைத் தலைவர் சத்தியமூர்த்தி. கேள்வி நேரம் வந்தால் சத்தியமூர்த்தியைக் கண்டு வெள்ளை அதிகாரிகள் கலங்கினர் என்றால் அது மிகையாகாது. ஒரு கேள்விக்குப் பதில் வந்ததும், அந்தப் பதிலில் உள்ள ஓட்டையைப் பிடித்துத் துணைக்கேள்வி, அதற்கு மேலும் ஒரு துணைக்கேள்வி என்று தொடுப்பதில் அவர் வல்லவர்.

இந்தக் கேள்வி கேட்கும் உரிமை நமக்குச் சும்மா வந்துவிடவில்லை. 1892ஆம் ஆண்டுச் சட்டம்தான் சட்டசபை உறுப்பினர்கள் கேள்வி கேட்கலாம் என்று முதன்முதலில் அனுமதித்தது. கேட்கலாம், ஆனால் பதிலின்மேல் மீண்டும் கேட்கக் கூடாது! முதலில் கேட்ட உறுப்பினர் மட்டும் துணைக்கேள்வி கேட்கலாம் என்று 1909இல் ஒரு கதவு திறந்தது. 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்திற்குப் பிறகே எந்த உறுப்பினரும் துணைக்கேள்வி கேட்கலாம் என்றாயிற்று. ஒரு வாக்கியத்தின்மேல் இன்னொரு வாக்கியம் கேட்பதற்கு இருபத்தேழு ஆண்டுகள்.

அப்படிக் கிடைத்த உரிமையும் டில்லியில் பாதி உரிமையாகவே இருந்தது. பதில் சொன்னவர்கள் வைசிராயின் நிர்வாக சபை உறுப்பினர்கள். அவர்கள் மக்களிடம் வாக்குக் கேட்டு வந்தவர்கள் அல்லர். பதில் பிடிக்கவில்லை என்று சபையே திரண்டு எதிர்த்து வாக்களித்தாலும் அவர்கள் பதவி அசையாது. மேலும், நீர்ப்பாசனமும் காடுகளும் மாகாணத்தைச் சேர்ந்தவை. இராமநாதபுரம் மாவட்டத்துக் கண்மாய் வறண்டதைப் பற்றி அந்த மாவட்டத்தின் பிரதிநிதியே டில்லியில் கேட்க இடமில்லை. எங்கள் பக்கத்து மக்களுக்குத் தண்ணீரைக் காட்டிலும் பெரிய கேள்வி எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அந்தக் கேள்வியை ஊரில் வைத்துவிட்டு உப்பு, இரயில், இராணுவச் செலவு ஆகியவற்றைப் பற்றிய விவாதங்களில் உட்கார்ந்திருப்பது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

1946இல் சென்னையில் டி. பிரகாசம் அமைத்த அமைச்சரவையில் குமாரசாமி ராஜா அமைச்சரானார். 1949ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாருக்குப் பின், காமராசரின் ஆதரவோடு சென்னை மாகாணத்தின் தலைமை அமைச்சரானார். அப்போது மாகாணத் தலைமை அமைச்சரைப் பிரதமர் என்றே அழைத்தார்கள். மறு ஆண்டு அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோதுதான் அப்பெயர் முதலமைச்சர் என்று மாறியது.

அன்றைய சென்னை இன்றைய தமிழ்நாடு அன்று. வடக்கே ஒரிசா எல்லை தொடங்கித் தெற்கே திருநெல்வேலி வரை. மேற்கே மலபாரும் தென் கன்னடமும். புனித ஜார்ஜ் கோட்டையில் கூடிய சட்டமன்றத்தின் 215 உறுப்பினர்கள் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் பேசும் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். ஒருவர் மாவட்டத்தின் ஆறு இன்னொருவர் மாவட்டத்தின் வழியாக ஓடிற்று. ஒரு பக்கம் அணை எழுந்தால் மறுபக்கம் முகம் கோணும்.

சட்டமன்றத்தில் ஒரு கேள்வி எப்படிப் பயணம் செய்கிறது என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. உறுப்பினர் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிறார். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் வாயாலேயே பதில் சொல்ல வேண்டும்; குறியிடாததற்கு எழுத்தில் பதில் போதும். கேள்வி கோட்டையிலிருந்து கலெக்டர் அலுவலகத்திற்குப் போகிறது, அங்கிருந்து தாசில்தாருக்கு, அந்நாளில் அவரிடமிருந்து கிராமக் கர்ணத்திற்கு. கர்ணம் கணக்கைப் புரட்டி எழுதிய விவரம் அதே படிகளில் ஏறிக் கோட்டைக்குத் திரும்புகிறது. யாரும் கேட்காத வரையில் கர்ணத்தின் பெட்டிக்குள் உறங்கும் ஒரு கண்மாயின் கணக்கு, ஒருவர் கேட்டதும் அச்சேறிப் பதிவாகிவிடுகிறது. பதில் திருப்தியாக இல்லாமல் போகலாம். ஆனால் பதிலே இல்லை என்று சொல்ல முடியாது. எங்கள் மடவார் வளாகத்தில் குழாயில் நீர் வராத நாட்களில் தெருவே கூடிச் சத்தம் போடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சத்தம் அன்று மாலையே அடங்கிவிடும். எழுதிய கேள்வி அப்படி அடங்குவதில்லை.

குமாரசாமி ராஜாவின் மூன்று ஆண்டு ஆட்சி பருவமழை பொய்த்த காலம். இராயலசீமையில் கடும் வறட்சி. அரிசிப் பங்கீடு, நெல் கொள்முதல் என்று மக்கள் வெறுப்பைச் சம்பாதிக்கும் வேலைகளெல்லாம் அரசின் தலையில் விழுந்தன. பவானிசாகர், மலம்புழா போன்ற அணைகள் எழுந்துகொண்டிருந்தன. அவற்றின் நீர் வயலை அடைய ஆண்டுகள் இருந்தன. பசித்த வயிற்றுக்குக் கட்டிக்கொண்டிருக்கும் அணை எப்படிப் பதிலாகும்?

கிருஷ்ணா–பெண்ணாறு திட்டம் இதைவிடப் பெரிய சோதனை. கிருஷ்ணா நதி நீரைப் பெண்ணாற்றுக்குத் திருப்பித் தெற்கே கொண்டுவரச் சென்னை அரசு முனைந்தபோது, தங்கள் நீரைத் தமிழ் மாவட்டங்களுக்கு எடுத்துச் செல்கிறார்கள் என்று ஆந்திரத் தலைவர்கள் கொதித்தெழுந்தனர். மத்திய அரசு அமைத்த கோஸ்லா குழு 1952இல் நந்திகொண்டாவில் அணை கட்டுவதை ஆதரித்தது. அதுவே பின்னர் நாகார்ஜுன சாகர் ஆயிற்று. தெற்குக்கு வரவிருந்த கிருஷ்ணா நீர் சென்னையை அடைந்தது 1983ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி 1996இல்தான். வந்து சேர்ந்த இடம் பூண்டி நீர்த்தேக்கம். அதன் பெயர் சத்தியமூர்த்தி சாகர்.

ஆந்திரப் பிரிவினைக் கேள்வியும் அவர் மேசைக்கே வந்தது. 1949இல் அமைந்த பிரிவினைக் குழுவுக்கு அவரே தலைவர். இராஜபாளையத்து ராஜுக்கள் வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள் என்பது நம் பகுதியில் அனைவரும் அறிந்ததே. வீட்டில் தெலுங்கும் வீதியில் தமிழுமாக வளர்ந்த ஒருவர், இரு மொழி மக்களுக்கும் சொத்தைப் பங்கு பிரிக்க உட்கார்ந்தார். சென்னை நகரம் பற்றிப் பிரகாசம் உடன்படாமல் தனிக் குறிப்பு எழுதினார், அம்முயற்சி நின்றுபோயிற்று. 1952 டிசம்பரில் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதத்தில் உயிர் நீத்த பின், 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திரம் பிறந்தது. ராஜா அப்போது பதவியில் இல்லை.

அவருடைய ஆட்சியில் நம் பகுதியைத் தொட்டு இன்றும் நிலைத்து நிற்பது 1949ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம். ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்துவிட்டது. கைவிட்டுப் போகப் போகும் காட்டை, போவதற்கு முன் வெட்டி விற்றுக் காசாக்கிக்கொள்ள எவருக்குத்தான் தோன்றாது? தனியார் காட்டை விற்கவோ மரங்களை வெட்டவோ மாவட்ட கலெக்டரின் அனுமதி வேண்டும் என்று இச்சட்டம் தடுத்தது. மடவார் வளாகத்திலிருந்து மேற்கே பார்த்தால் நீல நிறத்தில் தெரியும் மலைத்தொடரின் அடிவாரத்தில் சேத்தூர், சிவகிரி, சாப்டூர் என்று ஜமீன்கள் வரிசையாக இருந்தன. அம்மலையில் 1988இல் சாம்பல் நிற அணில்களுக்கெனச் சரணாலயம் அமைந்தது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. இன்று அணிலுக்குச் சரணாலயம் வைக்க மரம் மிஞ்சியிருப்பதில் அந்தப் பழைய சட்டத்திற்கும் பங்குண்டு என்பது என் கருத்து. ஆனால் சட்டத்தில் அனுமதி என்ற சொல் இருக்கும்வரை, யாருக்கு, எத்தனை மரத்திற்கு என்று கேட்க ஒருவர் சட்டமன்றத்தில் இருந்தே ஆக வேண்டும்.

வகுப்புவாரி அரசாணையையும் குறிப்பிட வேண்டும். கல்லூரி இடங்களைப் பங்கிட்ட அந்த ஆணையைச் சென்னை உயர் நீதிமன்றம் 1950இலும், உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரலிலும் செல்லாது என்றன. வழக்கை எதிர்த்து நின்றது அவருடைய அரசுதான். தீர்ப்பு எதிராகப் போனாலும் அதன் விளைவாக 1951இல் அரசியலமைப்பே முதன்முறையாகத் திருத்தப்பட்டது. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த எனக்கு அது பழைய வழக்குச் செய்தி அன்று.

1952இல் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை உண்டு என்ற முறையில் நடந்த முதல் தேர்தல் வந்தது. டில்லிக்கு அவரை அனுப்பிய சொத்துடையோர் மட்டும் அல்ல இப்போது வாக்காளர்கள். பங்கீட்டுக் கடை வரிசையில் நின்றவர்கள், வறண்ட கண்மாயைப் பார்த்தவர்கள், பேர் எழுதத் தெரியாதவர்கள் எல்லோரும் வந்தார்கள். 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. பக்தவத்சலம் தோற்றார், சஞ்சீவ ரெட்டி தோற்றார், முதலமைச்சர் குமாரசாமி ராஜாவும் தோற்றார். அதே தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் நாடாளுமன்றத் தொகுதியிலிருந்து காமராசர் வென்றார் என்பது விந்தையே. வைசிராயின் அதிகாரிகளை அசைக்க முடியாத கேள்வியை டில்லியில் கேட்டுக்கொண்டிருந்தவரை, பதினேழு ஆண்டுகள் கழித்து மக்களின் கேள்வி அசைத்தது. அவர் முறையிடவில்லை. 1952 ஏப்ரல் 10ஆம் நாள் பொறுப்பை இராஜாஜியிடம் விட்டு அமைதியாக விலகினார். அவரைத் தோற்றவர் என்று மட்டும் எழுதுவோருடன் நான் உடன்படவில்லை. பதில் சொன்னவரை நீக்க முடியும் என்ற நிலைக்காகத்தான் அவர் தலைமுறை சிறை சென்றது.

1954இல் ஒரிசாவின் ஆளுநரானார். ஹிராகுட் அணை எழுந்துகொண்டிருந்த காலம் அது. ஆளுநர் சட்டமன்றத்தில் உரையாற்றுவார். அவரை யாரும் கேள்வி கேட்பதில்லை, அவரும் யாரையும் கேட்பதில்லை. 1956 செப்டம்பர் வரை அப்பதவியில் இருந்துவிட்டு ஊர் திரும்பினார்.

இராஜபாளையத்தில் தாம் வாழ்ந்த வீட்டை அவர் நாட்டுக்கே கொடுத்துவிட்டார். அது காந்தி கலை மன்றம் ஆயிற்று. 1957 மார்ச்சில், மாநிலம் மீண்டும் ஒரு பொதுத்தேர்தலில் மூழ்கியிருந்த நாட்களில், அவர் காலமானார்.