தாய்மையும் எஞ்சினீயரிங் கல்வியும்

1937-ஆம் ஆண்டில் ஸ்ரீமதி அ. லலிதா கணவரை இழந்தபோது அவருக்குப் பிராயம் பதினெட்டு. பெண் குழந்தைக்கு நான்கு மாதம். மறுபடி படிக்கத் துணிந்தார், ஆனால் எதை? வைத்தியம் கற்றால் நள்ளிரவிலும் குழந்தையை விட்டுச் செல்ல நேரிடும். ஆகவே பகலோடு முடியும் உத்தியோகத்தை நாடினார். தந்தை சுப்பாராவ் பேராசிரியராயிருந்த கிண்டி எஞ்சினீயரிங் கலாசாலை அதுவரை ஆடவர்க்கே உரியதாயிருந்தது. தந்தையின் முயற்சியால் 1940-ல் அங்கே சேர்ந்து மின்சாரப் பிரிவில் தேறினார். பின்னர் கல்கத்தாவில் பணிபுரிந்து, பக்ரா நங்கல் அணையின் மின்சார வேலையிலும் பங்குகொண்டார். 1979-ல் காலமானார்.

கரையான்சாவடியிலும் குழந்தையை உறங்கவைத்துவிட்டு, இனி எதைப் படிப்பதென யோசிக்கும் தாய்மார் உண்டு. குழந்தையின் பொழுதை அறிந்த அவர்களே பாடத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். கதவைத் திறந்துவிடுவது ஆடவராகிய நமது கடமை.