சாலை தந்த சான்றோர் ஜான் மெக்காடம்

முன்னுரை

மனிதன் நடந்தபோது ஒற்றையடிப் பாதை தோன்றியது. வண்டி கட்டியபோது சாலை பிறந்தது. சாலையோடு கூடவே இரைச்சலும் பிறந்தது. இது யாவரும் அறிந்ததே.

நம் கன்னியர் மடத்தின் பின்பக்க அறைகள் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் நோயுற்ற முதிய அருட்சகோதரி ஒருவர் படுத்திருக்கிறார். நமக்கு முன்னே படித்த எத்தனையோ அக்காமார்களுக்கு எழுத்தறிவித்தவர் அவர். சென்ற ஆண்டு வரையில் அந்தச் சாலை முழுவதும் குண்டும் குழியுமாகக் கிடந்தது. சரக்கு இறக்கிய வெற்று லாரிகள் பள்ளத்தில் விழுந்து எழும்போது அவற்றின் தகரமும் சங்கிலியும் சேர்ந்து எழுப்பும் சத்தத்தில் சகோதரி இரவெல்லாம் கண்மூடியதில்லை. வகுப்பிலோ ஆசிரியை பாதி வாக்கியத்தில் நிறுத்தி, லாரி போனபின் மீதியைச் சொல்வார். அது எங்களுக்குப் பழகிப் போயிருந்தது.

பிறகு ஒரு நாள் பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுச் சாலை போட்டார்கள். லாரிகளின் எண்ணிக்கை ஒன்றும் குறையவில்லை. ஆயினும் சத்தம் குறைந்தது. சகோதரி மணி அடிக்கும் வரையில் உறங்கினார் என்று கேள்விப்பட்டு மகிழ்ந்தோம். வண்டி மாறாமல் தரை மட்டும் மாறினால் ஓசை அடங்குமா என்று வியந்து, சாலைகளின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். அப்போது நாங்கள் அறிந்துகொண்ட பெரியவர்தான் ஜான் லௌடன் மெக்காடம். அவர்தம் வாழ்க்கையைத் தோழியருக்குச் சொல்ல விழைகிறோம்.

பிறப்பும் இளமையும்

மெக்காடம் 1756-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஸ்காட்லாந்து நாட்டின் ஏர் நகரில் பிறந்தார். பத்துப் பிள்ளைகளில் அவரே கடைக்குட்டி. அவர் குழந்தையாக இருந்தபோதே குடும்பத்தின் வீடு தீக்கிரையாயிற்று. பள்ளியில் படிக்கும் நாளில், தம் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் செல்லும் சாலையின் மாதிரி ஒன்றைத் தாமே செய்து வைத்தாராம். விளையும் பயிர் முளையிலேயே தெரிந்துவிட்டது போலும்!

1770-இல் தந்தை காலமானார். குடும்பத்தின் நிலை முன்போல் இல்லை. அப்போது அவருக்கு வயது 14. நம்மைவிட ஓராண்டு இளையவர். அந்த வயதில் கப்பலேறி அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து, நியூயார்க்கில் வணிகராக இருந்த சித்தப்பாவிடம் போய்ச் சேர்ந்தார். அங்கே கணக்கும் வாணிபமும் கற்றுப் பொருள் ஈட்டினார். 1778-இல் குளோரியானா நிக்கோல் என்னும் மங்கையை மணந்தார். அமெரிக்க விடுதலைப் போரில் அவர் ஆங்கிலேய அரசரின் பக்கம் நின்றார். அந்தப் பக்கம் தோற்றது. சொத்தில் ஒரு பகுதியை இழந்து, 1783-இல் மனைவி மக்களோடு தாயகம் திரும்பினார்.

சாலையைக் கண்ட கண்கள்

ஊர் திரும்பியவர் ஏர் மாவட்டத்தில் நிலம் வாங்கிக் குடியேறினார். அவ்வூர்ச் சுங்கச் சாலைகளைப் பராமரிக்கும் பொறுப்புக் குழுவில் அவருக்கு இடம் கிடைத்தது. அக்காலத்தில் சாலையில் செல்வோரிடம் சுங்கம் வாங்கி, அந்தப் பணத்தால் சாலையைச் செப்பனிட வேண்டும் என்பது முறை. நடந்ததோ வேறு. பணம் செலவாயிற்று, சாலை சீராகவில்லை. அகப்பட்ட பெரிய கல்லையும் மண்ணையும் கொட்டி மூடுவார்கள். மழை பெய்தால் சேறு. வெயில் அடித்தால் புழுதி. வண்டிகள் கவிழ்ந்தன, குதிரைகள் கால் ஒடிந்தன.

மெக்காடம் பொறியியல் கல்லூரியில் பயின்றவர் அல்லர். கண்ணால் கண்டு கற்றவர். 1798-இல் கடற்படைக்கு உணவுப் பொருள் வழங்கும் அலுவலராக இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்துக்குச் சென்றார். பின்னர் பிரிஸ்டல் நகரில் குடியேறினார். அந்த ஆண்டுகளில் நாடெங்கும் சுமார் 30,000 மைல் பயணம் செய்து, சாலைகள் ஏன் கெடுகின்றன என்று ஆராய்ந்தார். பல ஆயிரம் பவுன் சொந்தப் பணத்தை இதற்காகச் செலவிட்டார். செல்வர்கள் மாளிகை கட்டிக்கொண்டிருந்த காலத்தில் இவர் சேற்றில் இறங்கிக் கல்லை எடைபோட்டுக்கொண்டிருந்தார்.

சிறு கல்லின் பெருமை

1816-இல் பிரிஸ்டல் வட்டாரச் சாலைகளின் மேற்பார்வை அவரிடம் வந்தது. தாம் கண்டறிந்ததைச் செய்து காட்டும் நல்வாய்ப்பு அது. அவர் முறை மிக எளியது.

சாலையின் பாரத்தைத் தாங்குவது அடியிலுள்ள இயற்கை மண்ணே. அது ஈரமில்லாமல் இருந்தால் எவ்வளவு பாரத்தையும் தாங்கும். ஆகவே சாலை சுற்றுப்புறத்தைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும். இரு பக்கமும் வாய்க்கால் வேண்டும். 30 அடி அகலமுள்ள சாலைக்கு நடுவில் 3 அங்குல உயரம் இருந்தாலே தண்ணீர் வடிந்துவிடும். அடியில் பெரும் பாறைகளை அடுக்கத் தேவையில்லை. அக்காலத்தின் மற்றொரு பேரறிஞரான தாமஸ் டெல்ஃபோர்டு அடியில் பெரிய கற்களைப் பதித்தார். மெக்காடமோ அச்செலவு வீண் என்றார்.

மேலே பரப்பும் கல் ஒவ்வொன்றும் 6 அவுன்ஸ் எடைக்கு, அதாவது சுமார் 170 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. கூழாங்கல் ஆகாது, உடைத்த கல்லாக, கூர்முனைகளோடு இருக்க வேண்டும். மண் கலக்கவே கூடாது. மேலே வண்டிகள் செல்லச் செல்ல அக்கற்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஒரே பலகைபோல் இறுகிவிடும். உருண்டையான கல்லோ சக்கரத்துக்கு அடியில் உருண்டு ஓடும். ஒற்றுமையே வலிமை என்பதைக் கல்லே நமக்குக் கற்பிக்கிறது அன்றோ!

இது குறித்து ஒரு வேடிக்கைக் கதையும் வழங்குகிறது. தராசு இல்லாத இடத்தில் கல்லின் அளவை வாயில் வைத்துப் பார்க்கச் சொன்னார்களாம். ஓரிடத்தில் கற்கள் பெரிதாக இருப்பதைக் கண்டு விசாரித்தால், உடைத்தவர் பல் போன கிழவராம்!

கதை சிரிப்பை மூட்டினாலும் உண்மை நெஞ்சைத் தொடுகிறது. சிறு சுத்தியலோடு உட்கார்ந்த இடத்தில் உடைக்கலாம் என்பதால் முதியோரும் பெண்களும் சிறுவர்களும் அவ்வேலையில் அமர்த்தப்பட்டனர். ஏழைகளுக்கு அது கஞ்சி வார்த்தது. கைகளைக் காய்ப்பேறவும் செய்தது. நம் நாட்டிலும் இயந்திரம் வருமுன் முக்கால் ஜல்லி, ஒன்றரை ஜல்லி என்று உடைத்துக் குவித்தவர்களில் பெண்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய காதுகளுக்கு அமைதி இருந்ததா என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

புகழும் பணிவும்

அவருடைய முறை விரைவில் பரவியது. 1819-இல் பாராளுமன்றக் குழுவின் முன் தம் கருத்துகளை எடுத்துரைத்தார். சுங்கப் பணம் வீணாகாமல் இருக்க, பயிற்சி பெற்ற மேற்பார்வையாளருக்குத் தக்க சம்பளம் தந்து, சரியான கணக்குக் கேட்க வேண்டும் என்றும் வற்புறுத்தினார். அவர் செலவிட்ட பணத்துக்கு ஈடாகப் பாராளுமன்றம் நிதி வழங்கியது. 1823-இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் அவர் முறைப்படி சாலை போடப்பட்டது. அவர் பெயரே சாலையின் பெயராயிற்று. தண்ணீர் ஊற்றி உருளையால் இறுக்கும் ஜல்லித் தளத்தை நம் நாட்டுப் பொறியாளர்களும் இன்றுவரை மெக்காடம் என்றே குறிக்கிறார்கள்.

அரசு அவருக்கு சர் பட்டம் அளிக்க முன்வந்தது. வயது முதிர்ந்துவிட்டது என்று அதை ஏற்க மறுத்தார். 1834-இல் அவர் மகன் ஜேம்ஸ் அப்பட்டத்தைப் பெற்றார். ஆண்டுதோறும் பிறந்த நாட்டைக் காணச் செல்லும் வழக்கமுடைய மெக்காடம், 1836-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் அப்படிச் சென்று திரும்பும் வழியில் மாஃபட் என்னும் ஊரில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 80. வாழ்நாளெல்லாம் வழி சமைத்தவர் வழியிலேயே விடைபெற்றார்.

இரைச்சல் அடங்கிய கதை

இனி நாங்கள் தேடிச் சென்ற கேள்விக்கு வருவோம். அக்கால லண்டன் தெருக்களில் கருங்கற்களைப் பாவியிருந்தார்கள். அவற்றின் மீது இரும்புப் பட்டை போட்ட சக்கரங்களும் குதிரை லாடங்களும் எழுப்பிய ஓசை தாங்க முடியாததாக இருந்தது. வீட்டில் நோயாளி இருந்தால் வாசலுக்கு எதிரே தெருவில் வைக்கோலைப் பரப்புவார்கள். சக்கரத்தின் ஓசை அதில் அமுங்கிவிடும். இதைப் படித்தபோது நம் சகோதரியின் அறைதான் எங்கள் நினைவுக்கு வந்தது.

1820-களில் லண்டனின் சில தெருக்களில் கருங்கல் பாவலை எடுத்துவிட்டு மெக்காடம் முறையில் சாலை போட்டார்கள். அங்கே இரைச்சல் வெகுவாகக் குறைந்தது. ஆனால் கோடையில் புழுதியும் குளிர்காலத்தில் சேறும் மிகுந்தன. நெரிசல் மிக்க தெருக்களில் அது நீடிக்கவில்லை. அமைதியை விரும்பியோர் பிறகு மரக்கட்டைகளைப் பாவிப் பார்த்தனர். அவை ஈரத்தில் ஊறி நாறின.

மோட்டார் கார்கள் வந்தபோது புழுதித் தொல்லை பெருகியது. மெக்காடம் தம் இளமையில் நிலக்கரியிலிருந்து தார் எடுக்கும் தொழிலில் ஈடுபட்டவர். ஆயினும் சாலைக்குத் தார் ஊற்ற அவர் முனையவில்லை. எட்ஜர் ஹூலி என்னும் ஆங்கிலேயர் 1901-இல் ஓர் இரும்பு ஆலைக்கு அருகே தார் கொட்டிய இடம் மட்டும் புழுதியின்றி வழவழப்பாக இருப்பதைக் கண்டார். அடுத்த ஆண்டே தாரும் கசடும் கலந்த தளத்துக்குக் காப்புரிமை பெற்றார். கையில் இருந்த பொருளின் பயனை ஒருவர் காணாமல் விட, மற்றொருவர் தரையைப் பார்த்துக் கண்டுகொண்டார்!

இன்று விரைந்து செல்லும் காரின் ஓசையில் பெரும்பகுதி எஞ்சினிலிருந்து வருவதில்லை. டயர் தரையில் மோதுவதால் வருகிறது. டயரின் பள்ளங்களில் அகப்பட்ட காற்று நசுங்கிப் பீறிடுவதும் ஒரு காரணம். மேல்தளத்தில் பொடி ஜல்லியைப் பயன்படுத்தினால் அதிர்வு குறையும். தளத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நுண்துளைகள் இருக்குமாறு தாரும் ஜல்லியும் கலந்தால் காற்று உள்ளே இறங்கிவிடும், ஒலியும் அதில் அமுங்கும், மழைநீரும் வடியும். நெதர்லாந்து நாட்டின் பெரும்பாலான விரைவுச் சாலைகள் இத்தகையவை. இதனால் 3 டெசிபெல் ஒலி குறைந்தாலே, ஓடும் வண்டிகளில் பாதியை நிறுத்தியதற்குச் சமம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 2003 முதல் பழைய டயர் ரப்பரைத் தாரோடு கலந்து அமைதிச் சாலைகள் போட்டுப் பார்த்தார்கள்.

குறையும் உண்டு. துளைகளில் தூசி அடைத்தால் பயன் குன்றும், கழுவ வேண்டும். சாதாரணத் தளத்தைவிட விரைவில் ஜல்லி பெயரும். மெக்காடம் தண்ணீரை உள்ளே விடாதிருக்கப் பாடுபட்டார். இன்றைய அறிஞர்கள் மேல்தளத்தில் தண்ணீரை உள்ளே விட்டு, அதன் அடியில் நீர் புகாத தளம் அமைத்து ஓரத்தில் வடியச் செய்கிறார்கள். ஆனால் சிறு கல், நல்ல வடிகால் என்னும் இரண்டு பாடங்களும் அவர் சொன்னவையே.

முடிவுரை

எந்தச் சாலையாலும் அடக்க முடியாத ஓசை ஒன்று உண்டு. அதுதான் ஹாரன். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்க நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு ஒலி விதிகள் இடம் தருகின்றன. நல்ல தளம் போடுவது பொறியாளர் கடமை. ஹாரனை அழுத்தாதிருப்பது நம் தந்தையர், அண்ணன்மார் கடமை. காலையில் நம்மை வாசலில் இறக்கிவிடும்போது அவர்கள் அழுத்தும் ஒவ்வொரு ஹாரனும் பின்பக்க அறையில் ஒருவரைத் திடுக்கிட வைக்கிறது. இதை இன்று மாலையே வீட்டில் சொல்வோமாக.

ஜான் என்பதைத் தமிழில் அருளப்பர் என்கிறோம். ஸ்நாபக அருளப்பர் ஆண்டவரின் வருகைக்காகக் கோணலான வழிகளை நேராக்கவும் கரடுமுரடானவற்றைச் சமமாக்கவும் மக்களை அழைத்தார். அது உள்ளத்துச் சாலை. அதே பெயர் கொண்ட மெக்காடம் மண்ணுலகச் சாலையைச் சமமாக்கினார். நாமும் நம் உள்ளத்திலுள்ள பெருங்கற்களைச் சிறுகச் சிறுக உடைப்போம். பிறர் அமைதியாக நடக்கும் வழியாக வாழ்வோம். உறக்கமின்றித் தவிக்கும் நோயாளிகள் அனைவருக்கும் இறைவன் இளைப்பாறுதல் அருள்வாராக!