கையில் என்ன கொண்டு போனார்?

பெரிய மனிதர் ஒருவரைக் காணவேண்டுமென்றால் நம்மில் பலருக்கு முதலில் தோன்றுவது என்ன? ஒரு மாலை, ஓர் எலுமிச்சம்பழம், அவருக்கு வேண்டியவர் ஒருவரின் சிபாரிசு! மாலை வாடுகிறது, பழம் வற்றுகிறது, சிபாரிசு செய்தவர் மறந்துவிடுகிறார். மறுபடியும் அதே வாசற்படி! இப்படித் தேய்ந்த செருப்புகள் எத்தனை, எத்தனை!

புதுக்கோட்டை மண்ணிலே பிறந்த ஓர் அம்மையாரும் பெரியவர்களின் வாசல்களுக்குச் சென்றவர்தான். ஆனால் அவர் மாலையோடு போகவில்லை. கையில் என்ன கொண்டு போனார்? அதுதான் நாம் அறியவேண்டியது.

1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் பிறந்தார் முத்துலட்சுமி. தந்தை நாராயணசாமி அய்யர், மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள், இசைவேளாளர் குலம். ஆசாரம் அந்தக் குடும்பத்தை எந்தக் கண்ணால் பார்த்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? பெண் ஒருத்தி ஆண்கள் படிக்கும் கல்லூரியிலே காலடி வைப்பதா என்று எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் உத்தரவிட்டார், கதவு திறந்தது. திறந்த கதவுக்கு அவர் தந்த நன்றி, தேர்ச்சி! 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912-ல் பரிசுகளோடு டாக்டர் பட்டம்.

அடையாற்றிலே 1917-ல் இந்திய மாதர் சங்கம் அமைந்தது. அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ் போன்றோர் அமைத்த சங்கம். நீதிக்கட்சிக்கும் பெசன்ட் அம்மையாருக்கும் எட்டாப் பொருத்தம்! ஆயினும் அந்தச் சங்கத்திலே சேர்ந்து உழைத்தார் முத்துலட்சுமி. 1926-ல் சட்டசபைக்கு ஒரு பெண்ணை நியமிக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, சங்கம் சுட்டிக்காட்டியது அவரைத்தான். சென்னை மாகாண சட்டசபையின் முதல் பெண் உறுப்பினரானார். துணைத் தலைவர் நாற்காலியையும் சபை ஒருமனதாகத் தந்தது. பதவிக்காகப் பழகியவரல்லர், பல்லாண்டு பாடுபட்டவரைப் பதவி தேடி வந்தது!

சபைக்குப் போனவர் கையில் எடுத்தது எந்தப் பிரச்சினை? சிறுமியரைப் பொட்டுக்கட்டி ஆலயத்துக்கு விடும் கொடுமை! எதிர்த்தவர் யார்? திருமயத்திலே பிறந்த தீரர் சத்தியமூர்த்தி! ஒரே சீமை, இரண்டு நெஞ்சங்கள்!

சாஸ்திரம் பேசியவர்கள் மட்டுமா எதிர்த்தார்கள்? அந்தக் குலத்துப் பெண்கள் பலரும் எதிர்ப்பு மனு எழுதினார்கள். ஏன்? கோயில் பணிக்காக விடப்பட்ட மானிய நிலம். பணி போனால் நிலமும் போகும். நிலம் போனால் சோறு? இந்த அச்சத்தை அம்மையார் அறியாமை என்று தள்ளிவிடவில்லை. யாரை விடுவிக்க வேண்டுமோ, அவர்களின் வயிற்றைப் பற்றி முதலில் நினைத்தார். 1929-ல் அவர் முயற்சியால் வந்த சட்டத் திருத்தம், பணியிலிருந்து விடுபட்டாலும் நிலம் கையைவிட்டுப் போகாது என்றது. பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் மசோதா அதன் பிறகுதான், 1930-ல்!

அந்த ஆண்டே காந்தியார் கைதானார். கண்டித்துப் பதவியை உதறினார் அம்மையார். மசோதா கிடப்பிலே கிடந்தது. ஆனால் கட்டிய உறவுகள் கிடப்பில் கிடக்கவில்லை. காந்தியாரின் ஆதரவு இருந்தது. சுயமரியாதை இயக்கத்தின் ஆதரவும் இருந்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று அதே கொடுமையைச் சாடினார். எதிரெதிர் முகாம்கள், ஆனால் இந்த ஒன்றில் ஒரே குரல்! 17 ஆண்டுகள் கழித்து, 1947-ல், ஓமந்தூரார் ஆட்சியிலே சட்டம் நிறைவேறியது. இதற்கிடையே, புகலிடம் தேடிவந்த பெண்களுக்காக ஔவை இல்லத்தையும் தொடங்கிவிட்டார்.

இன்னொரு போராட்டம் புற்றுநோயோடு! தங்கையை 1923-ல் அந்த நோய்க்குப் பறிகொடுத்தார். 1935-ல், மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவிலே, தனி மருத்துவமனை வேண்டுமென்று கேட்டார். கேட்டவுடன் கிடைத்ததா? இல்லை. 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் அடையாற்றிலே திறக்கப்பட்டது. எத்தனை படுக்கைகள்? வெறும் 12! அந்த 12 படுக்கைகள்தான் இன்று நாடறிந்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. 1968-ல் அம்மையார் கண்மூடினார். தமிழக அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரைத் தாங்கியது.

தோழர்களே! மன்னர், மாதர் சங்கம், மகாத்மா, ஓமந்தூரார், நேரு! இத்தனை பேரையும் எட்டிய கரத்திலே இருந்தவை இரண்டே: செய்து முடித்த வேலை ஒன்று, பிறருக்காகக் கேட்கும் கோரிக்கை மற்றொன்று. தனக்கென்று கேட்பவனைக் கண்டால் கதவு மூடும். ஊருக்காகக் கேட்பவனை எத்தனை நாள் வெளியே நிறுத்தமுடியும்?

நாளை உங்கள் தெருவின் தண்ணீர்ப் பஞ்சத்துக்காக அதிகாரியைப் பார்க்கப் போகிறீர்களா? மாலைக்குச் செலவிடும் பணத்திலே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். எத்தனை வீடு, எத்தனை குழாய், எந்தெந்த நாள் தண்ணீர் வரவில்லை என்று எழுதிக்கொண்டு செல்லுங்கள். அதே தெருவிலே மாற்றுக் கட்சிக்காரர் இருந்தால் அவரையும் அழைத்துச் செல்லுங்கள். அவர் வீட்டுக் குடமும் காலிதானே! ஒருமுறை போய் நடக்கவில்லையா? மறுமுறை போங்கள். 17 ஆண்டு காத்திருந்தவர் பிறந்த மாவட்டம் நம்முடையது!