தொழுகைக் கூடத்தில் உட்கார இடமில்லை... ஆனால் 2,000 பேரின் குடியேற்றத்துக்குக் குரல் கொடுத்தார்: யார் இந்த 'யூத காந்தி' ஏ.பி.சேலம்?

லவ்டேல், குன்னூர், கோத்தகிரி பக்கம் இருப்பவர்களுக்கு 'தாயகம் திரும்பியோர்' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையில் இருந்து வந்த தோட்டத் தொழிலாளர்கள் அவர்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின. இன்றைய 'டான்டீ' அப்படி வந்ததுதான்.

அதற்குப் பத்து வருஷம் முன்பே, பக்கத்துக் கேரளாவில் இருந்து ஒரு கூட்டம் 'தாயகம்' தேடி இஸ்ரேலுக்குக் கிளம்பியது. அவர்களுக்காகப் பேசப் போனவர் ஏ.பி.சேலம்.

யார் இவர்?

முழுப் பெயர் ஆபிரகாம் பராக் சேலம். நம்ம சேலம் ஊருக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. 1882-ல் கொச்சியில் பிறந்தவர். சென்னையில் படித்துப் பட்டம் வாங்கினார். கொச்சி யூதர்களில் முதல் பட்டதாரி இவர்தான். சட்டமும் படித்து எர்ணாகுளத்தில் வக்கீலாக இருந்தார். 1925 முதல் 1931 வரையும், 1939 முதல் 1945 வரையும் கொச்சி சமஸ்தான சட்டசபை உறுப்பினர். 1929 லாகூர் காங்கிரஸ் மாநாட்டிலும் கலந்துகொண்டார்.

'யூத காந்தி' எனப் பெயர் வந்தது ஏன்?

மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டப்பட்ட பரதேசி யூதத் தொழுகைக் கூடம் இருக்கிறது. சேலத்தின் குடும்பம் அடிமைகளின் வழிவந்தது என ஒதுக்கப்பட்டிருந்தது. அவர்கள் கூடத்தின் உள்ளே மற்றவர்களோடு உட்கார முடியாது. வெளி அறையோடு சரி. மறை நூலை வாசிக்கவும் உரிமை கிடையாது.

சேலம் இதை எதிர்த்து சத்தியாகிரகம் செய்தார், தொழுகையைப் புறக்கணித்தார். தடைகள் ஒவ்வொன்றாகத்தான் விலகின. 1950-ல் அவருடைய மகன் 'வெள்ளை யூதர்' குடும்பத்துப் பெண்ணைத் திருமணம் செய்தபோதும் சமூகத்தில் எதிர்ப்பு கிளம்பியது.

இஸ்ரேல் போவதில் என்ன சிக்கல்?

கேரளாவில் பெரும்பான்மையாக இருந்தவர்கள் மலபார் யூதர்கள். இது சேலம் சார்ந்த பரதேசி பிரிவு இல்லை, வேறு பிரிவு. 1948-ல் இஸ்ரேல் உருவானதும் கிட்டத்தட்ட எல்லோருமே கிளம்பத் தயாரானார்கள். சொத்தை விற்றுவிட்டு, தொழிலையும் விட்டுவிட்டுக் காத்திருந்த குடும்பங்கள் உண்டு.

ஆனால் அங்கிருந்து உடனே அனுமதி வரவில்லை. கொச்சி பகுதியில் யானைக்கால் நோய் அதிகம். இவர்கள் வந்தால் நோய் பரவுமோ என்று இஸ்ரேல் அதிகாரிகள் பயந்தார்கள். கொசு வழியாகப் பரவும் நோய் அது. தொட்டாலோ பக்கத்தில் இருந்தாலோ ஒட்டாது. இருந்தாலும் மாதங்கள் ஓடின, கையில் இருந்த காசும் கரைந்தது.

1953-ல் சேலம் இஸ்ரேலுக்கே போய், காத்திருந்தவர்களின் நிலைமையை எடுத்துச் சொல்லி வாதாடினார். அப்போது அவருக்கு வயது 70-ஐத் தாண்டியிருந்தது. 1950-களின் நடுப்பகுதிக்குள் 2,000-க்கும் மேற்பட்டோர் போய்ச் சேர்ந்தார்கள்.

போனவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்?

பெரும்பாலும் சின்னச் சின்ன வியாபாரம் பார்த்தவர்கள். அங்கே நெவாதிம், மெசிலாத் சியோன் போன்ற கூட்டுறவு விவசாய கிராமங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். நெவாதிம் இருப்பது நெகேவ் பாலைவனத்தில். காயலும் மழையும் பார்த்து வளர்ந்தவர்கள் அங்கே கோழி வளர்த்தார்கள், காய்கறி பயிரிட்டார்கள். பின்னாளில் பசுமைக்குடில் அமைத்துப் பூ விவசாயமும் செய்தார்கள். இன்று அந்தக் கிராமத்தில் கொச்சி யூதர்களுக்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

சேலம் என்ன ஆனார்?

மற்றவர்களை அனுப்பிவைத்த அவர் இஸ்ரேலில் குடியேறவில்லை. கொச்சிக்கே திரும்பி வந்து 1967-ல் இறக்கும் வரை அங்கேயே வாழ்ந்தார்.

அடுத்த முறை கொச்சிக்கு டூர் போனால், மட்டாஞ்சேரி தொழுகைக் கூடம் இருக்கும் தெருவின் பெயரைக் கவனியுங்கள். எந்தக் கூடத்துக்குள் உட்கார இடம் தரவில்லையோ, அதன் வாசல் தெருவுக்கே இப்போது ஏ.பி.சேலம் சாலை என்றுதான் பெயர்.