பகலொளியைப் போற்றிய வில்லெட்

காலத்தின் அருமையை எடுத்தோதாத அறநூல்கள் அரியன. ஆயினும், எடுத்தோதுவதோடு அமையாது, ஒரு நாட்டின் கடிகாரங்களையெல்லாம் மாற்றி, வீணே கழியும் பகலொளியை மக்களுக்கு மீட்டுத்தர முனைந்தோர் மிகச் சிலரே. அவருள் முதன்மையாக எண்ணத்தக்கவர் ஆங்கில நாட்டு வில்லியம் வில்லெட் என்பார். அவர் வானநூற் புலவருமல்லர், அரசியல் தலைவருமல்லர், வீடு கட்டுவிக்குந் தொழிலினர். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

வில்லெட் 1856-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 10-ந் தேதி சர்ரே பகுதியிலுள்ள பார்ன்ஹம் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையாருடன் சேர்ந்து இலண்டன் மாநகரில் வீடுகள் கட்டுவித்து, நற்பெயரும் பெரும் பொருளும் ஈட்டினார். பின்னர்ச் சிசில்ஹர்ஸ்டு என்னும் ஊரில் வாழ்ந்துவந்தார். அதிகாலையிற் குதிரையேறி உலாவுதல் அவரது வழக்கம்.

1905-ம் ஆண்டுக் கோடையில் ஒரு நாட்காலை அவர் பெட்ஸ்வுட் என்னும் சோலையருகே செல்லுகையில், ஞாயிறு எழுந்து நெடுநேரமாகியும் வீடுகளின் பலகணித் திரைகள் நீக்கப்படாதிருத்தலைக் கண்டார். இதன் பொருளை உணர நாம் அந்நாட்டின் இயல்பை அறிதல் வேண்டும். சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஒன்றரை மணி நேரமே. இலண்டனிலோ மாரிக்காலத்தில் எட்டு மணி நேரத்திற்குங் குறைவான பகல், கோடையிற் பதினாறரை மணியாக நீளும். ஜூன் மாதத்தில் அந்நாட்டுப் பொதுநேரப்படி நான்கு மணிக்கு முன்னரே கதிரவன் தோன்றுவான். மக்களோ அவ்வொளியில் உறங்கி, இரவில் விளக்கேற்றி விழித்திருந்தனர். இதுவே வில்லெட்டின் நெஞ்சை வருத்தியது.

ஈராண்டு கழித்து, 1907-ல், பகலொளி வீணாதலைப் பற்றி ஒரு சிறு நூலைத் தாமே வெளியிட்டார். ஏப்ரல் மாதத்து நான்கு ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடிகாரத்தை இருபது இருபது நிமிஷமாக முன்னே தள்ளுதல் வேண்டும். செப்டம்பரில் அவ்வாறே பின்னே திருப்புதல் வேண்டும். இதனால் ஆண்டுதோறும் 210 மணி நேரப் பகலொளியும், விளக்குச் செலவில் இருபத்தைந்து லட்சம் பவுனும் மிஞ்சும் என்பது அவர் கணக்கு. 1895-ல் நியூசிலாந்தில் ஜார்ஜ் வெர்னன் ஹட்சன் என்னும் பூச்சிநூல் அறிஞரும் இத்தகைய கருத்தை வெளியிட்டதுண்டு. ஆயினும், அதனை நாடறியச் செய்தவர் வில்லெட்டே.

1908-ல் ராபர்ட் பியர்ஸ் என்பவர் இதனைப் பார்லிமெண்டில் மசோதாவாகக் கொணர்ந்தார். வின்ஸ்டன் சர்ச்சில் போன்றார் ஆதரித்தனர். ஆயின் எதிர்ப்போ பெரிதாயிருந்தது. கதிரவனுக்கேற்பத் தொழில் செய்யும் உழவர், கடிகாரத்தை மாற்றினாலும் வயலிற் பனி முன்னதாக உலராதென்றனர். வேறு பலர் எள்ளி நகைத்தனர். மசோதா மீண்டும் மீண்டும் தோற்றது. வில்லெட்டோ தளராது, தம் பொருளையும் காலத்தையும் இதற்கே செலவிட்டார். இறுதியில், எண்ணம் ஈடேறாமலே, 1915-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 4-ந் தேதி விஷக்காய்ச்சலால் உயிர்நீத்தார்.

அவர் மறைந்து ஓராண்டு சென்றபின் நிகழ்ந்தது வியப்பிற்குரியது. அவர் நாடு ஏற்க மறுத்ததனை, அந்நாட்டோடு போர்புரிந்த ஜெர்மனியும் ஆஸ்திரியா-ஹங்கேரியும் நிலக்கரியை மிச்சப்படுத்துமாறு 1916-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி மேற்கொண்டன. மூன்று வாரங்களில், மே 21-ந் தேதி, பிரிட்டனும் அவ்வழியே சென்றது. நல்லுரை செய்யாததனைப் போர் செய்தது!

அம்முறை உலகெங்கும் ஒருபடித்தாய்ப் பரவவில்லை. அமெரிக்கா 1918-ல் ஏற்று, உழவர் வெறுப்பினால் மறு ஆண்டே கைவிட்டுப் பின்னர் மீண்டும் கைக்கொண்டது. அங்கும் அரிசோனா மாகாணத்தின் பெரும்பகுதி இதனை ஏற்பதில்லை. ஐரோப்பா மார்ச்சில் மாற்றும். தென்கோளத்து ஆஸ்திரேலியாவின் சில மாகாணங்கள் அக்டோபரில் மாற்றும். அந்நாட்டைச் சேர்ந்த லார்டு ஹோ தீவில் மாற்றம் அரைமணி நேரமே. இந்தியாவிலும் இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல் 1945 வரை, கடிகாரங்கள் ஒரு மணி முன்னே வைக்கப்பட்டிருந்தன. ரஷ்யா 2011-ல் ஆண்டிருமுறை மாற்றுவதை ஒழித்தது; மெக்ஸிகோவின் பெரும்பகுதி 2022-ல் விடுத்தது; எகிப்து 2023-ல் மீண்டும் ஏற்றது. நிலநடுக்கோட்டை அடுத்த நாடுகளுக்கோ இதனாற் பயன் சிறிது. விளக்குச் செலவிலும் வில்லெட் எண்ணிய அளவு மிச்சமில்லை என்பாரும் உளர்.

எனவே, அவர் திட்டம் எந்நாட்டிற்கும் எக்காலத்திற்கும் பொருந்துவதென நாம் கூறோம். எதிர்த்த உழவர் கூற்றிலும் உண்மையுண்டு. ஆயினும், கடிகாரம் மனிதர்க்காக அமைந்ததேயன்றி, மனிதர் கடிகாரத்திற்காக அமைந்தவரல்லர் என்பதனை உலகிற்கு உணர்த்தியவர் அவரே. 1927-ல் பெட்ஸ்வுட்டில் அவர் நினைவாக ஒரு சூரிய கடிகாரம் நிறுவப்பெற்றது. அது கோடை நேரத்தையே காட்டுமாறு அமைந்துள்ளது. பயனைத் தாம் காணாவிடினும் நல்லதென்று தேர்ந்ததில் இறுதிவரை உழைத்த அவர்தம் ஊக்கத்தை, பொழுது புலர்ந்த பின்னும் உறங்கும் மாணவராகிய நாம் நினைவிற் கொள்வோமாக.