மூளை மருத்துவர் இராமமூர்த்தி

நம் படூரினின்று பழைய மாமல்லபுரம் சாலைவழியே வடக்கு நோக்கிச் செல்வோர், அச்சாலையின் முனையை அணுகுங்கால், வி. எச். எஸ். என மக்கள் வழங்கும் மருத்துவமனையைத் தரமணியிற் காண்பர். ஏழையர்க்குக் குறைந்த செலவில் மருத்துவம் செய்யும் பொருட்டு டாக்டர் கே. எஸ். சஞ்சீவி நிறுவியது அது. அரசாங்க ஊழியத்தினின்று ஓய்வு பெற்றபின் அங்கே மூளை அறுவைப் பிரிவை அமைத்து உழைத்த டாக்டர் பா. இராமமூர்த்தியின் வரலாற்றை ஒருவாறு ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

இவர் 1922-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 30-ஆம் நாள் சீகாழியிற் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று, எடின்பரோவில் எப். ஆர். சி. எஸ். பட்டம் எய்தி, நியூகாசில் நகரில் மூளை அறுவையைக் கற்றுத் தாயகம் மீண்டார். 1949-ல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி இத்துறையைத் தொடங்கினார். மறு ஆண்டே இராமமூர்த்தி சென்னை அரசாங்கப் பொது மருத்துவமனையில் அதனைத் தொடங்கினார். இன்றுள்ள ஸ்கேன் கருவிகள் அன்று உலகில் எங்கணும் இல்லை. 1951-ல் இவ்விருவரும் பல்தேவ் சிங், நரசிம்மன் என்பாருடன் கூடி இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினர்.

நிற்க. இவர் வாழ்வில் நம் சிந்தையைப் பெரிதும் ஈர்ப்பது வேறொன்று. 1954-ல் மான்ட்ரியல் நகரத்து ஓல்ட்ஸ், மில்னர் என்னும் அறிஞர் இருவர் எலியொன்றின் மூளையுள் மெல்லிய கம்பி செருகி மின்சாரம் பாய்ச்சினர். கம்பியோ கருதிய இடந் தவறி வேறிடத்திற் பதிந்துவிட்டது. எலி, மின்சாரம் பெற்ற மூலைக்கே மீண்டும் மீண்டும் ஓடி வந்தது. பிடியை அழுத்தித் தானே மின்சாரம் பெறும்படி அமைத்தபோது எலிகள் ஓயாது அழுத்தின. வேட்கையைத் தூண்டும் இடம் மூளையில் உண்டென்பது இவ்வாறு, பிழையொன்றால், புலனாயிற்று.

அங்ஙனமாயின் அடங்கா வேட்கையை மூளையினுட் சென்றே அடக்கலாகாதோ? இராமமூர்த்தியும், பாலசுப்பிரமணியமும், ஆசியாவின் முதற் பெண் மூளை அறுவையாளருள் ஒருவராகிய கனகாவும் சென்னையில் அதற்கு முயன்றனர். தலையிற் சட்டம் பொருத்தி அளந்து, சிறு துளைவழியே ஊசி செலுத்தி, குறித்த ஒரு சிறு பகுதியை மட்டும் அழிப்பது அம்முறை. போதை மருந்துக்கு அடிமைப்பட்டோரும், கட்டுக்கடங்காச் சினமுடையோரும் அதற்கு உட்பட்டனர். அவருள் சிறுவரும் இருந்தனர். பலர் அமைதியுற்றதாக அம்மருத்துவர்கள் எழுதி வெளியிட்டனர்.

ஈண்டு நாம் தயங்குகின்றோம். பிள்ளையின் வெறியால் வீடே சிறையாகிய பெற்றோரின் துயரை நாம் அறியாதாரல்லேம். ஆயினும் அழித்த நரம்பு மீளாது. சிறுவனது உடன்பாட்டைக் கேட்டுப் பெறவும் இயலாது. பிற நாடுகளிலும் எதிர்ப்பு மூண்டது. மருந்துகள் பெருகவே அவ்வறுவை அருகிற்று. குரங்கின் மூளையில் டோபமின் சுரக்கும் நரம்பணுக்கள், எதிர்பாராப் பரிசு கிட்டுங்கால் கிளர்ந்து, பழகியபின் பரிசை முன்னறிவிக்கும் குறிப்புக்கே கிளர்கின்றன என்பதை 1990-களில் ஷுல்ட்ஸ் முதலியோர் விளக்கினர். கற்றலும் வேட்கையும் இத்துணைப் பின்னிக் கிடத்தலை முன்னரே அறிந்திருப்பின் இராமமூர்த்தி அவ்வூசியை எடுத்திருப்பாரோ, மாட்டாரோ!

முதுமையில் இவர் யோகத்தையும் நனவுநிலையையும் ஆராய்ந்தார். வழிநெடுக ஏற்றமே எனப் பொருள்படும் பெயருடன் தம் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதிவைத்து, 2003-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் நாள் மறைந்தார்.