சாதிப் பெயர் துறந்த ஓவியர் சித்தப்பிரசாத்

நெல் விளையும் நாட்டிலேயே அந்நெல்லை விளைவித்தோர் பட்டினியால் மடிந்த கொடுமையை உலகறியச் செய்தவர் ஓவியர் சித்தப்பிரசாத் ஆவார். அவர் வங்கத்தவர். எனினும், வேளாங்கண்ணியைச் சூழ்ந்த வயல்களில் தலைமுறை தலைமுறையாக நாற்று நட்டும் கதிர் அறுத்தும் வாழ்ந்த மக்களின் பிள்ளைகள் அவர் வரலாற்றை அறிதல் நலம் எனக் கருதி, இவ்வெள்ளி விழா மலரில் அதனைச் சுருக்கமாகத் தருகின்றோம்.

சித்தப்பிரசாத் 1915 ஆம் ஆண்டு நைஹாட்டியில் பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். சிட்டகாங் அரசுக் கல்லூரியில் பயின்றார். ஓவியக் கலையைத் தாமே முயன்று கற்றார். பட்டாச்சாரியா என்பது அவர்தம் குடும்பப் பெயர். சாதி உயர்வைப் பறைசாற்றும் அப்பெயரைச் சாதி அமைப்பை எதிர்க்கும் பொருட்டு அவர் அறவே துறந்தார். இழிவு சுமத்தப்பட்டோர் அதனை எதிர்த்தல் இயல்பு. சுமத்துவோர் வரிசையில் பிறந்த ஒருவர் தமக்குக் கிடைத்த உயர்வை வேண்டாவென உதறுதல் அரிது. அவ்வரிய செயலை அவர் இளமையிலேயே செய்தார்.

1943 இல் வங்கத்தைப் பெரும் பஞ்சம் சூழ்ந்தது. ஏறத்தாழ 30 லட்சம் மக்கள் மாண்டனர் என மதிப்பிடுவர். பொதுவுடைமைக் கட்சியின் தொண்டராயிருந்த சித்தப்பிரசாத் மிதுனாப்பூர் மாவட்டத்தில் ஊர் ஊராகச் சென்று, பசித்தோரை நேரில் கண்டு வரைந்தார். அவ்வோவியங்களும் குறிப்புகளும் ‘பசித்த வங்கம்’ எனப் பொருள்படும் தலைப்பில் நூலாயின. ஆங்கில அரசு அதன் 5000 படிகளைக் கைப்பற்றி எரித்தது. எனினும் ஒரு படி அவர் குடும்பத்தாரிடம் தப்பிப் பிழைத்தது. பின்னாளில் அதிலிருந்தே மறுபதிப்பும் வெளிவந்தது.

1946 இல் பம்பாய்க்குக் குடியேறிய அவர், சில ஆண்டுகளில் கட்சியினின்றும் விலகினார். உழைக்கும் மக்களைவிட்டு விலகினாரில்லை. அந்தேரியில் வறுமையோடு வாழ்ந்தவாறே லினோலியச் செதுக்கோவியங்களைப் படைத்தார். லினோலியம் என்பது ஆளிவிதை எண்ணெயும் தக்கைத் தூளும் கலந்து சணல் துணிமீது படியச் செய்த தரைவிரிப்பு. அதில் உருவத்தை இடவலம் மாற்றி வரைந்து, சிற்றுளியால் செதுக்குவர். செதுக்காத மேற்பரப்பில் மை உருளையை ஓட்டித் தாளைப் பதிய வைப்பர். மை ஏறிய இடம் கருமையாகவும், செதுக்கிய பள்ளம் வெண்மையாகவும் தோன்றும். அச்சு இயந்திரம் இல்லாவிடினும் கரண்டியின் முதுகால் தேய்த்தே படியெடுக்கலாம். ஒரே ஓவியம் செல்வர் வீட்டுச் சுவரில் சிறைப்படாமல், பல படிகளாய் எளியோர் கைக்கும் செல்ல இயலும். மக்கள் கலைஞர் ஒருவர்க்கு இதனினும் ஏற்ற கருவி யாது?

உழவர், தாய்மார், பள்ளி செல்ல வேண்டிய வயதில் உழைத்துக் களைத்த சிறுவர் ஆகியோரே அவர் செதுக்கிய மாந்தர். அச்சிறுவர்களைப் பற்றிய தொகுதியை ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியத்தின் டென்மார்க் குழு 1969 இல் வெளியிட்டது. குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்காகப் பொம்மலாட்டமும் நடத்திய அப்பெருந்தகை, 1978 இல் கல்கத்தாவில் மறைந்தார்.

நம் கீழத்தஞ்சை மண்ணிலும் நெல்லுக்குரியவர் நெல்லுக்கு ஏங்கிய காலம் உண்டு. கூலியாகக் கூடுதல் நெல் கேட்டுப் போராடிய ஊரில், கீழ்வெண்மணியில், 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் தீக்கிரையாயினர். அவர்கள் முகங்களைச் செதுக்க அன்று நம்மிடையே எத்தனை உளிகள் இருந்தன? நம் பாட்டன்மாரின் வாழ்வைப் பிறர் வந்து வரையட்டும் எனக் காத்திருத்தல் இனி வேண்டா. ஒரு துண்டு லினோலியம், ஓர் உளி, சிறிது மை என்பவை நம் இளைஞர்க்கு எட்டாத பொருள்கள் அல்ல. கல்வி பெற்ற கைகள் எழுதவும் செதுக்கவும் முன்வருமாயின், எரிக்கப்பட்டவையும் ஒருநாள் மீண்டும் அச்சேறும்.